கோட்டையும் சோலையும் அடுக்களையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் கொண்டு கற்பது நெடுநாளைய வழக்கம். நம் நாட்டில் முன்னாளிற் பள்ளி பயின்றோர் பலர் ஆங்கில நாட்டு அரசர் வரிசையை மனப்பாடமாக ஒப்பித்தவர்களே. ஆனால் அந்நாட்டு மக்கள் எங்கே உறங்கினார்கள், எவரோடு அமர்ந்து உண்டார்கள், யாருக்கு அஞ்சி மதில் எழுப்பினார்கள், எவருடைய நிலத்தில் மலர் வளர்த்தார்கள் என்னும் கேள்விகளுக்கு அவ்வரிசை விடை கூறுவதில்லை. விடைகள் அந்நாட்டின் கோட்டைகளிலும் தோட்டங்களிலும் மாளிகை அடுக்களைகளிலும் கிடக்கின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆள்வோருக்கும் மற்றையோருக்கும் இடையே முதலில் ஓர் அகழி இருந்தது. கோட்டைகள் பாழான பின்னரும் அவ்வகழி தூர்ந்துவிடவில்லை. அஃது இடம் பெயர்ந்தது.

அந்நாட்டின் கோட்டை வரலாறு அயலவர் படையெடுப்பில் தொடங்குகிறது. 1066ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கில மன்னன் ஹெரால்டை வீழ்த்தி முடி சூடினான். அதற்கு முன்னும் ஊரைச் சூழ்ந்து காக்கும் அரண்கள் ஆங்கிலேயரிடம் இருந்தன. ஒரு பிரபுவின் இல்லமாகவும் படைவீடாகவும் ஒருங்கே அமைந்த கோட்டையோ அவர்களுக்குப் புதியது. நார்மானியர் அகழி தோண்டினர்; தோண்டிய மண்ணை மேடாகக் குவித்தனர்; மேட்டின்மேல் மரக் கோபுரம் நிறுத்தினர்; அதன் அடியில் வேலி சூழ்ந்த முற்றம் அமைத்தனர். சில வாரங்களில் எழுந்துவிடும் இத்தகைய அரண்கள் நாடெங்கும் தோன்றின. வில்லியமின் ஆணைப்படி 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேடு, லிங்கன் நகரில் கோட்டைக்கு இடம் வேண்டி 166 வீடுகள் அழிந்தமையைக் குறிக்கின்றது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ஏறத்தாழ 90 அடி உயரத்தில் எழுந்த வெள்ளைக் கோபுரத்துக்கு, நார்மண்டியின் கான் நகரிலிருந்து கல் வந்தது. குடிகளிடமிருந்து ஆள்வோரைக் காப்பதே அந்நாளைய கோட்டையின் முதற் பணி.

அக்காலத்துப் பிளவு மொழியிலும் பதிந்து கிடக்கின்றது. மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் ஆட்டை ஆங்கிலத்தில் 'ஷீப்' என்பர். அது பழைய ஆங்கிலச் சொல். அதன் இறைச்சி உணவு மேசைக்கு வந்ததும் 'மட்டன்' ஆகிவிடுகிறது. அது வென்றோரின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். மேய்த்தவன் ஒரு மொழி பேசினான். உண்டவன் வேறொரு மொழி பேசினான்.

நாளடைவில் மரக் கோபுரங்கள் கற்கோபுரங்களாயின. அரசருக்கும் பிரபுக்களுக்கும் இடையே பகையும் முற்றியது. கென்ட் மாவட்டத்து ராச்செஸ்டர் கோட்டை அதற்குச் சான்று. மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்துக்கு இசைந்த 1215ஆம் ஆண்டிலேயே, ஜான் மன்னன் பிரபுக்களோடு மீண்டும் போரில் இறங்கினான். ராச்செஸ்டரை அவர்கள் கைப்பற்றிக் காத்து நின்றனர். மன்னன் கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டுவித்து, அதை மரத்தூண்களால் தாங்க வைத்தான்; கொழுத்த பன்றிகள் 40 உடனே வேண்டும் என்று ஓலை போக்கினான். அக்கொழுப்பை இட்டுத் தூண்களுக்குத் தீ மூட்டவே, சுரங்கம் சரிந்தது. மேலிருந்த மூலையும் சரிந்தது. பின்னர் அம்மூலை வட்ட வடிவிற் கட்டப்பட்டது. இன்று அங்கே செல்வோர் மூன்று மூலை சதுரமாகவும் ஒரு மூலை வட்டமாகவும் நிற்கக் காணலாம்.

மதிலுக்குள் வாழ்க்கை எவ்வாறு இருந்தது? கூடமே வீட்டின் உயிர். கென்ட்டிலுள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையின் பெருங்கூடம் 1341இல் எழுந்தது. அதைக் கட்டுவித்த ஜான் டி புல்ட்டனி நான்கு முறை லண்டன் நகரத் தலைவராக இருந்த வணிகர். மேலே மரக் கூரையும், தரையின் நடுவே எண்கோண அடுப்பும் இன்றும் அக்கூடத்தில் உள்ளன. புகைபோக்கி இல்லை, புகை கூரை வழியே வெளியேறும். அந்நாளில் இத்தகைய கூடங்களிற் பிரபுவும் மனைவியும் விருந்தினரும் மேடையிலிட்ட மேசையில் அமர, ஏவலரும் காவலரும் கீழே நீண்ட பலகைகளில் அமர்ந்து உண்டனர். இரவில் ஏவலர் பலர் அங்கேயே படுத்தனர். உப்புக் கலம் வைத்திருக்கும் இடத்தைக் கொண்டே ஒருவருடைய மதிப்பு அளக்கப்பட்டது. ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதில் ஐயமில்லை; எனினும் அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே புகையை மூச்சிழுத்தனர். 'லார்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் 'ரொட்டியைக் காப்பவன்' என்பது. 'லேடி' என்பதன் பழைய பொருள் 'ரொட்டிமாப் பிசைபவள்' என்பது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் நமக்கு, உணவளிப்பதே தலைமைக்கு அடையாளம் என்னும் அக்கருத்து அயலானதன்று.

இந்நிலை நீடிக்கவில்லை. பிரபுவும் மனைவியும் கூடத்தைவிட்டுப் புகைபோக்கியமைந்த தனியறைக்குச் சென்று உண்ணத் தலைப்பட்டனர். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வில்லியம் லாங்லண்ட் இவ்வழக்கத்தைக் கண்டித்திருக்கிறார். ஏழைகளின் கண்ணிற் படாமல் உண்பதற்கே தனியறை என்பது அவர் குறை. அகழி வீட்டுக்குள் நுழைந்த காலம் அது.

அக்காலத்தே புற அகழி அழகுப் பொருளாக மாறிக்கொண்டிருந்தது. மதிலின் உச்சியில் பல் வரிசைபோல் அமையும் ஞாயில் கட்டுவதற்கு அரசனது உரிமம் பெறுவது வழக்கமாயிருந்தது. அவ்வாறு 1385இல் உரிமம் பெற்றுச் சர் எட்வர்ட் டாலிங்ரிக் என்பவர் ஸஸ்ஸெக்ஸ் மாவட்டத்திற் கட்டியது போடியம் கோட்டை. அகன்ற நீர்ப்பரப்பின் நடுவே நான்கு வட்டக் கோபுரங்களோடு நிற்கும் அதன் தோற்றம் ஓவியம் போன்றது. பகைவரைத் தடுப்பதற்கு அது கட்டப்பட்டதா, உரியவரின் பெருமையைப் பறைசாற்றக் கட்டப்பட்டதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

டியூடர் மன்னர் காலத்தில் அச்சம் தணிந்து ஆடம்பரம் ஓங்கியது. எலிஸபெத் அரசியின் அன்புக்குரிய லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி, கெனில்வொர்த் கோட்டையைப் புதுக்கி, 1575இல் அரசியை 19 நாள் விருந்தினராக அங்கே வைத்திருந்தார். அக்கோட்டை 1266இல் அரசப் படையின் நெடிய முற்றுகையைத் தாங்கியது. முற்றுகையைத் தாங்குவதற்கென முன்னோர் தேக்கிய பேரேரியின் கரையில் இப்பொழுது வாணவேடிக்கை நடந்தது. போர்க் கோபுரத்தின் நிழலில் பளிங்கு நீரூற்றும் மணப்பூம் பாத்திகளும் கொண்ட தோட்டம் அமைந்தது. விருந்திற் கலந்துகொண்ட ஒருவர் எழுதியதாக வழங்கும் கடிதத்தைத் துணைகொண்டு 2009இல் அத்தோட்டம் மீண்டும் உருவாக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் உச்சம் டர்பிஷயர் மாவட்டத்து ஹார்ட்விக் மாளிகை. நான்கு முறை மணந்து, நான்கு கணவரையும் இழந்து, மணந்தோறும் செல்வம் பெருகப் பெற்ற பெஸ் என்னும் பெருமாட்டி, முதுமையில் 1590ஆம் ஆண்டு முதல் 1597 வரை அதைக் கட்டுவித்தார். கண்ணாடி விலையுயர்ந்த பண்டமாயிருந்த அந்நாளில், அதன் முகப்பு முழுதும் கண்ணாடிச் சாளரங்கள்! அம்புக்கென ஒடுங்கிய துளை விட்ட சுவர், பிறர் கண்டு வியக்கத் திறந்த சுவராயிற்று. கோபுரங்களின் உச்சியில் அவர் தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கல்லிற் செதுக்கி நிறுத்தினார். காணத் தகும் அவ்வெழுத்துக்களை நாம் மறவாதிருப்போம்.

இத்தகைய ஆடம்பரத்தின் சுமையைத் தாங்கியவை அடுக்களைகள். எட்டாம் ஹென்றி மன்னன் கார்டினல் உல்ஸியிடமிருந்து பெற்ற ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், சமையலுக்கும் பண்டங்களைச் சேமிப்பதற்குமாக அறைகள் தெருப்போல் நீண்டு கிடக்கின்றன. அங்கே சுமார் 200 பேர் பணிபுரிந்தனர். 1526இல் உல்ஸி அரசனது இல்லத்துக்கு வகுத்த ஒழுங்குவிதிகளில் ஒன்று, மடைப்பள்ளிச் சிறுவர் ஆடையின்றித் திரியலாகாது, அடுப்படியிற் படுக்கலாகாது என்கின்றது. ஒரு செயலைத் தடுக்க விதி வேண்டியிருந்தது என்றால், அச்செயல் நடந்துகொண்டிருந்தது என்பது பொருள். பொன் தட்டில் உணவு வந்த அரண்மனையில் அதைச் சமைக்கத் துணைநின்ற சிறுவர்க்கு உடையும் படுக்கையும் அரியனவாயிருந்தன.

கோட்டைகளின் இறுதிக் காலம் 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரில் வந்தது. முதலாம் சார்லஸ் மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நிகழ்ந்த அப்போரிற் பழைய மதில்கள் மீண்டும் படைவீடுகளாயின. டார்ஸெட் மாவட்டத்துக் கார்ப் கோட்டையைக் கணவர் இல்லாத காலத்திற் காத்து நின்றவர் மேரி பாங்க்ஸ் பெருமாட்டி. 1646இல் உள்ளிருந்தோர் துரோகத்தால் அக்கோட்டை வீழ்ந்தது. பாராளுமன்றம் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தது. சாய்ந்த கோபுரங்கள் இன்றும் குன்றின்மேற் சாய்ந்தவாறே நிற்கின்றன. அதன் திறவுகோல்கள் கிங்ஸ்டன் லேசி மாளிகையில் உள்ளன. கெனில்வொர்த்தும் 1649இல் உடைக்கப்பட்டு, அதன் ஏரியும் வடிக்கப்பட்டது. எதிரிக்கு இனி எந்த மதிலும் துணையாகலாகாது என்பது வென்றோரின் முடிவு.

மதில் ஒழிந்தபின், 18ஆம் நூற்றாண்டில் அகழி தோட்டத்தில் தலைகாட்டியது. நேர்கோட்டுப் பாதைகளையும் வெட்டியொழுங்கு செய்த செடிகளையும் விடுத்து, இயற்கையைப்போல் தோன்றும் சோலைகளை ஆங்கிலச் செல்வர் விரும்பினர். இக்கலையிற் புகழ்பெற்ற 'கேப்பபிளிட்டி' பிரௌன் 1716இற் பிறந்து 1783இல் மறைந்தவர். 170க்கு மேற்பட்ட தோட்டங்கள் அவர் கைபட்டவை. வளைந்து செல்லும் ஏரி, ஆங்காங்கே மரத்தோப்பு, மாளிகை வாயில்வரை பரந்த புல்வெளி ஆகியவை அவருடைய முறை. புல்வெளியில் மாடு மேய்வதைச் சாளரத்திலிருந்து காண வேண்டும். மாடு வீட்டு வாயிலுக்கு வந்துவிடவும் கூடாது. வேலியும் கண்ணுக்குத் தெரியலாகாது. இதற்குக் கண்ட உபாயம் 'ஹா-ஹா' என்னும் பள்ளம். வீட்டுப் பக்கம் செங்குத்தான சுவரும் மறுபக்கம் சரிவும் கொண்ட அப்பள்ளம் வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. அருகே வந்து திடீரெனக் கண்டோர் எழுப்பிய வியப்பொலியே அதற்குப் பெயராயிற்று என்பர். பகைவர் காண வெட்டிய அகழி, உரியவர் காணாதவாறு வெட்டிய அகழியாயிற்று.

அதனால் மறைக்கப்பட்டவை மாடுகள் மட்டுமல்ல. டார்ஸெட்டில் மில்ட்டன் பிரபு தம் மாளிகையின் காட்சிக்கு இடையூறென்று அருகிலிருந்த பழைய சந்தையூரையே அப்புறப்படுத்தி, குடிகளைச் சற்றுத் தொலைவில் மில்ட்டன் அபாஸ் என்னும் புதிய சிற்றூரிற் குடியேற்றினார். வெண்சுவரும் கூரைவேய்ந்த முகடுமாக அவ்வூர் இன்று காண்போர் மனத்தைக் கவர்கின்றது. அஃது எழுந்த காரணம் இனியதன்று. பொதுமேய்ச்சல் நிலங்களும் இவ்வாறே தனியுடைமையாயின. 1604 முதல் 1914 வரை நிறைவேறிய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களின் வாயிலாக ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் வேலியிடப்பட்டது; அஃது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்கினும் சற்று மிகுதி.

சோலைகளுக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் நாம் கேட்கத்தக்கதே. 1751இல் ஆற்காட்டு முற்றுகையாற் பெயர்பெற்ற ராபர்ட் கிளைவ், இந்தியாவில் ஈட்டிய பெருஞ்செல்வத்துடன் தாயகம் மீண்டு, ஸர்ரி மாவட்டத்தில் கிளேர்மாண்ட் நிலத்தை வாங்கினார். பழைய மாளிகையை இடித்து, பிரௌனைக் கொண்டே புதியது கட்டுவித்தார். 1774இல் அவர் மறைந்தார். யார்க்ஷயரிலுள்ள ஹேர்வுட் மாளிகையோ மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையின் இலாபத்தால் எழுந்தது. ஆங்கில நாட்டின் பழம்பொருட் காவலமைப்பாகிய நேஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93க்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வாணிபத்தோடும் தொடர்புண்டு என்று 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு அங்கே கடும் எதிர்ப்பும் எழுந்தது. மாளிகையின் அழகைக் காண வருவோரிடம் அதன் கணக்கைச் சொல்லலாமா என்பதே வழக்கு. கணக்கின் மறுபக்கத்தில் இடம்பெற்ற நாட்டினராகிய நமக்கு அவ்வழக்கில் ஐயம் எழ இடமில்லை.

விக்டோரியா அரசியின் காலத்தில் அகழி மாளிகைக்குள் முற்றாகக் குடிபுகுந்தது. ஏவலருக்குத் தனிப் படிக்கட்டு, தனி வாயில், தனி நடைவழி; அழைப்பதற்குக் கம்பியிற் கட்டிய மணி. பணி நடக்க வேண்டும், பணியாள் கண்ணிற் படலாகாது என்பது அந்நாளைய இல்லற நெறி. பெட்வொர்த் மாளிகையில் ஏவலர் கட்டடத்துக்கும் உரியவர் இல்லத்துக்கும் இடையே சுரங்க வழி உண்டு. அப்பார்க் மாளிகையிலும் அடுக்களையிலிருந்து உணவு சுரங்க வழியாகவே வந்தது. அம்மாளிகையில் 1880 முதல் 1893 வரை ஏவலருக்குத் தலைவியாயிருந்தவர் ஸாரா வெல்ஸ். தாயைக் காண வந்த சிறுவன் அம்மாளிகை நூல்நிலையத்தின் நூல்களைப் படித்து வளர்ந்தான். அவரே பிற்காலத்தில் உலகறிந்த எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். மேலே வெளிச்சமும் கீழே இருளுமாகப் பிரிந்த சமுதாயத்தை அவர் எழுத்தில் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

நடுத்தரக் குடும்பங்களும் இந்நெறியைப் பின்பற்ற விழைந்தன. 1861இல் இஸபெல்லா பீட்டன் வெளியிட்ட இல்லற மேலாண்மை நூல் முதலாண்டிலேயே 60,000 படிகள் விற்றது. எந்த ஏவலருக்கு என்ன வேலை, என்ன ஊதியம் என்பதையெல்லாம் வரையறுத்த அந்நூலாசிரியை 28 வயதிலேயே காலமானார். அந்நூலின் வடிசாறு வகைகளுள் ஒன்று 'முல்லிகட்டானி'. நம் மிளகுத் தண்ணீரே அவ்வாறு உருமாறிச் சென்று ஆங்கில அடுக்களையில் அமர்ந்தது.

தோட்டத்திலும் உழைப்பு மறைந்தே நின்றது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோஸப் பாக்ஸ்டன் 1836க்கும் 1841க்கும் இடையே மாபெரும் கண்ணாடிச் செடிமனை கட்டினார். மாளிகைத் தோட்டக்காரர் ஜான் கிப்ஸன் 1835இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, காசி மலைகளின் ஆர்க்கிட் செடிகளைக் கொண்டுசென்றார். அச்செடிகளுக்கு வெப்பம் ஊட்டும் நிலக்கரி, காண்போர் கண்ணிற் படாதிருக்க நிலத்தடி வழியே வந்தது. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, செடிகள் மடிந்தன. 1920இல் அச்செடிமனை இடிக்கப்பட்டது.

அதுவே அம்மாளிகைகளின் பொதுவிதியாயிற்று. 1894இல் வந்த மரண வரி, வேளாண்மையின் நலிவு, போருக்குச் சென்ற இளைஞரின் மறைவு, ஏவற்பணியை விடுத்துத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்ற பெண்களின் துணிவு ஆகியவை ஒன்றுகூடின. 20ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாளிகைகள் இடிபட்டன. எஞ்சியவற்றுட் பல பொதுவுடைமையாயின. ஹார்ட்விக் மாளிகையும் மரண வரிக்கு ஈடாக அரசிடம் சென்று, 1959இல் நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது. அவ்வமைப்பை 1895இல் நிறுவிய மூவருள் ஒருவர் ஆக்டேவியா ஹில் அம்மையார். ஏழை மக்களுக்குத் திறந்த வெளியும் தூய காற்றும் வேண்டுமென்று பாடுபட்டவர். வேலியிட்ட நிலத்தின் வாயில், அவர் எண்ணிய அளவிலேனும் திறக்கலாயிற்று.

இவ்விடத்து நம் நாட்டுத் தொடர்பு ஒன்று கருதத்தக்கது. வங்கத்தைப் பிரித்தவர் என்று நாம் நினைவிற் கொண்டுள்ள கர்ஸன் பிரபு, 1904இல் இந்தியாவின் பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் செய்தவரும் ஆவார். அவர் தாயகம் மீண்டபின், லிங்கன்ஷயரின் டாட்டர்ஷால் கோட்டையிலிருந்து கல்லிற் செதுக்கிய கணப்படுப்புக்களைப் பெயர்த்து விற்பதைக் கேள்வியுற்று, 1911இல் அக்கோட்டையை வாங்கினார், அடுப்புக்களையும் மீட்டார். அந்நிகழ்ச்சி எழுப்பிய கவலையின் பயனாக 1913இல் இங்கிலாந்திற் சின்னப் பாதுகாப்புச் சட்டம் வலுப்பெற்றது. போடியம் கோட்டையையும் அவர் வாங்கி, 1925இல் மறைந்தபோது இரண்டையும் நாட்டுக்கு விட்டுச் சென்றார்.

இன்று அம்மாளிகைகளுக்குச் செல்வோர் பெருங்கூடத்தைக் கண்டதோடு நின்றுவிடுவதில்லை. படியிறங்கி அடுக்களையையும், ஏவலர் உறங்கிய மேன்மாடத்தையும் கேட்டுக் காண்கின்றனர். கார்ன்வால் மாவட்டத்து ஹெலிகன் தோட்டம் முதல் உலகப் போருக்குப்பின் கேட்பாரற்றுக் காடாகிவிட்டது. 1990க்குப் பின்னர் அதைச் செப்பனிட்டவர்கள், தோட்டக்காரர் ஒதுங்குவதற்கென அமைந்த சிற்றறையின் சுவரிற் பென்ஸிலால் எழுதிய பெயர்களைக் கண்டனர். அருகே குறித்திருந்த காலம் 1914 ஆகஸ்ட். எழுதியோரிற் பலர் போர்க்களத்திலிருந்து திரும்பவில்லை. அச்சிற்றறை 2013இற் போர் நினைவிடமாக ஏற்கப்பட்டது. ஹார்ட்விக் கோபுரத்தின் உச்சியில் ஒரு பெருமாட்டி கல்லிற் செதுக்கிய எழுத்துக்களும், ஹெலிகன் சுவரில் உழைப்பாளிகள் பென்ஸிலால் எழுதிய பெயர்களும் ஒரே நாட்டின் வரலாற்றில் இரு பக்கங்கள். முன்னதை நானூறு ஆண்டுகளாகப் பலரும் படித்து வந்தனர். பின்னதைப் படிக்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை.